புகை வரும் குழியில் இன்னும் நூறு அடி

சென்ற இதழில் வீட்டுக்கல்வி பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, கோபத்தில் எதையாவது தவறவிட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தோடு. மூன்றாம் முறை, தவறவிடுவதற்கு அதில் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள.

அவர் சொல்வது இதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் பாடத்திட்டத்தைப் புடவை மாற்றுவதுபோல் மாற்றுகிறார்கள். மூத்ததற்கு ஒன்று, இளையதற்கு வேறொன்று என்று பாரபட்சம் காட்டுகிறார்கள். நிபுணர்கள் கூடி வகுத்ததை ஒரு குடும்பத்தலைவி அடுப்படி மேசையில் உட்கார்ந்து திருத்துகிறாள். பிள்ளைதான் உலகத்துக்கு வளைய வேண்டும்; உலகம் பிள்ளைக்கு வளையாது. இத்தனைக்கும் மகுடமாக ஓர் உவமை: பத்து இடத்தில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வராது, ஒரே இடத்தில் நூறடி தோண்ட வேண்டும்.

புடவை என்று ஏன் எழுதினார், சட்டை என்றால் ஆகாதா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். உவமைக்கு வருவோம்.

ஐயாவுக்கு எந்த ஊர் என்று தெரியாது. நான் கோவை மாவட்டத்துக்காரி. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நின்று இந்த உவமையைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். திருச்செங்கோட்டு போர் வண்டி இரவெல்லாம் ஓடி, ஆயிரம் அடி தாண்டியும் வெறும் புகை பறந்த குழிகள் எங்கள் ஊரில் எத்தனையோ உண்டு. நகையை அடகு வைத்து அந்தப் புகையைப் பார்த்தவர்களும் உண்டு. ‘இன்னும் ஒரு நூறு அடி போட்டுப் பார்க்கலாம்’ என்று அங்கே பெரும்பாலும் யார் சொல்வார் தெரியுமா? அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வண்டிக்காரர். தோட்டத்துக்காரருக்கு வேண்டியது தண்ணீர், ஆழம் அல்ல. ஐயாவின் கட்டுரை முழுக்க ஆழத்தைப் பற்றியே பேசுகிறது. தண்ணீர் வந்ததா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். அதனால்தான் மாற்றினேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஐந்து வயதிலேயே பஸ் பலகை முதல் பொட்டலம் கட்டி வந்த காகிதம் வரை கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வரும் பாடத்திட்டம் ஒன்றை வாங்கினோம். எந்த நாளில் எந்தப் பக்கம், எந்தக் கேள்வி என்று வருஷம் முழுமைக்கும் அதில் அட்டவணை இருந்தது. இரண்டாம் மாதமே, படித்த கதைக்குக் கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் அழ ஆரம்பித்தாள். கதை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. ராத்திரி தம்பிக்கு அதே கதையை அரைமணி நேரம் கைகால் ஆட்டிச் சொல்வாள். காலையில் அதையே ஒற்றைச் சொல்லாக்கிக் கோட்டின்மேல் வைக்கச் சொன்னால்தான் அழுகை.

சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் (1842–1923) இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். நல்ல புத்தகத்தை ஒருமுறை கவனமாக வாசி. பிறகு பிள்ளையே தன் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நீளக் கூடாது. மிச்ச நேரத்தில் வெளியே போய்ச் செடியையும் பறவையையும் பார்க்கட்டும். பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு இதைப் பிடித்தோம். அழுகை நின்றது. ஐயாவின் கணக்கில் இது முதல் சபலம்.

இரண்டாமவனுக்கும் அதே முறையைத்தான் வைத்தேன். ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே புத்தக அலமாரி. ஐயாவுக்குப் பிடித்த நிலைத்தன்மை எல்லாம் இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. வீட்டில் இருந்த மிக்சி, டார்ச் லைட் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவான்; நேற்றுப் படித்த ‘பட்டம்’ என்ற சொல்லை மட்டும் இன்று புதிதாகப் பார்ப்பான். எட்டு வயதில் பரிசோதனை செய்து பார்த்தபோது டிஸ்லெக்சியா என்றார்கள். அவனுக்கு ‘அழகான புத்தகத்தை வாசி, கதையைத் திருப்பிச் சொல்’ என்ற முறை, நீச்சல் தெரியாதவனை வாய்க்கால் அழகைப் பார் என்று உள்ளே தள்ளியது மாதிரி. மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் அமெரிக்காவில் வகுத்த வேறொரு வழிக்குப் போனோம். ஓர் ஒலியைக் காதால் கேட்டு, வாயால் சொல்லி, விரலால் எழுதி, அது உறுதிப்பட்ட பிறகே அடுத்த ஒலி. தமிழுக்கு அதை நாங்களே பழக்கிக்கொண்டோம். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதியபடியே வாய்விட்டுச் சொல்லுதல். அவன் தாத்தா பார்த்துவிட்டு, ‘இதென்ன புதுசு, எங்க வாத்தியார் திண்ணையில இப்பிடித்தானே எழுத வெச்சாரு’ என்றார்.

கணக்கும் அப்படித்தான். அக்காவின் கணக்குப் புத்தகம் சுருள்போல் போகும். இன்று பின்னம், நாளை கடிகாரம், மறுநாள் பரப்பளவு, பத்து நாள் கழித்து மறுபடி பின்னம். அவளுக்கு அந்தச் சுற்று பிடித்தது, மறப்பதற்குள் நினைவூட்டிவிடும். இவனுக்கோ ஒவ்வொரு நாளும் புது ஊரில் இறக்கிவிட்டதுபோல. அவனுக்குப் பின்னம் என்றால் பின்னம் மட்டும். இரண்டு மாதமானாலும் முடித்துவிட்டுத்தான் அடுத்தது. பெல்ஜிய ஆசிரியர் குசினேர் வகுத்த வண்ணக் கட்டைகளை அடுக்கி, அரைக்கும் காலுக்கும் உள்ள உறவைக் கையால் தொட்ட பிறகுதான் தாளில் எழுதினான்.

கடைக்குட்டி கதையைக் கேட்டால் ஐயா மகிழ்வார். அவளுக்கு அட்டவணை வேண்டும். இன்று எத்தனை பக்கம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். முடித்ததும் பக்கத்தில் டிக் போட வேண்டும். அக்காவின் கதைப் புத்தகங்களும் அண்ணனின் கட்டைகளும் அவளுக்கு எரிச்சல். அவளுக்குப் பொருந்தியது எது தெரியுமா? தமிழ்நாடு அரசுப் பாடநூல். வீட்டுக்கல்விக்காரர்கள் அரசுப் புத்தகத்தை இளக்காரமாகப் பார்ப்பதாக ஐயா வருந்தியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது மேசைமேல் இருக்கிறது. இலவசம் என்பதற்காகவோ தேசப்பற்றுக்காகவோ அல்ல. அந்தப் பிள்ளைக்கு அது பொருந்துகிறது, அவ்வளவுதான். நாளை பொருந்தாவிட்டால் அதுவும் பரண்மேல் போகும்.

இதைப் பாரபட்சம் என்கிறார் ஐயா. தீபாவளிக்கு ஒரே துணியில் மூன்று பிள்ளைகளுக்கும் தைக்கும் வீடுகளை அவர் பார்த்திருப்பார். துணி ஒன்றுதான், டெய்லர் அளவு மட்டும் மூன்று முறை எடுப்பார். ‘சமமாக நடத்துகிறேன்’ என்று மூத்தவனின் அளவிலேயே மூன்றையும் தைத்துக் கொடுக்கும் டெய்லரிடம் ஐயா இரண்டாம் முறை போவாரா?

அடுத்தது நிலைத்தன்மை. இந்த இடத்தில்தான் ஐயாவின் கட்டுரையைப் படித்து வியந்தேன். பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஒரே பாடத்திட்டத்தில் அமைதியாக வளர்கிறதாம். எந்த மாநிலத்துப் பள்ளியைச் சொல்கிறார்?

தமிழ்நாட்டில் 2009 ஜூனில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு ஆண்டு மெட்ரிக் புத்தகம். மூன்றாம் வகுப்புக்குப் போன 2011-இல் சமச்சீர்க் கல்வி உண்டா இல்லையா என்று வழக்கு. பள்ளி திறந்தும் வாரக்கணக்கில் புத்தகம் வரவில்லை. ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த வருஷம் எதைப் படிப்பது என்று பிள்ளைக்கே தெரிந்தது. நான்காம் வகுப்பில், 2012-இல், முப்பருவ முறை வந்தது. ஒரு புத்தகம் மூன்றானது. தேர்வு முறையும் மாறியது. பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை சமச்சீர்ப் புத்தகம். 2019-இல் பதினொன்றுக்குள் நுழைந்தால் முற்றிலும் புதிய பாடத்திட்டம், முன்பைவிடப் பருமனான புத்தகங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கொரோனா. 2021-இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. சி.பி.எஸ்.இ. பக்கம் போயிருந்தால் தப்பியிருக்குமா? அங்கே 2009-இல் வந்த தொடர் மதிப்பீட்டு முறை 2017-இல் போனது. இப்போது வகுப்பு வகுப்பாகப் புதுப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த மாற்றங்கள் எல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. சமச்சீர் வந்தது நல்லது. 2018-இல் தொடங்கிய புதுப் புத்தகங்களில் பல அருமையானவை. என் கேள்வி வேறு. பல லட்சம் பிள்ளைகளுக்கு ஒரே நாளில், அவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாடத்திட்டத்தை மாற்றினால் அதன் பெயர் கல்விச் சீர்திருத்தம். ஒரு பிள்ளைக்கு, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாற்றினால் அதன் பெயர் சபலம். இது எந்த ஊர் நியாயம்?

நிபுணர்கள் என்கிறார். நிபுணர்களை மதிக்கிறேன், அவர்கள் எழுதிய புத்தகங்களைத்தான் நானும் வாங்குகிறேன். ஆனால் நிபுணர்களின் முறைகள் எங்கிருந்து பிறந்தன என்று ஐயா கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம். இன்று உலகமெங்கும் பிள்ளைகள் போடும் குமோன் கணக்குத் தாள்கள், 1954-இல் ஜப்பானில் டோரு குமோன் என்ற கணக்கு வாத்தியார், கணக்கில் பின்தங்கிய தன் மகனுக்காக வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதியவை. ஒரு தகப்பன், ஒரு பிள்ளை, ஒரு மேசை. ஐயாவின் அளவுகோலில் அதுவும் அடுப்படி வேலைதான்.

நம் பள்ளிகளுக்கே வருவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை ஒரு தலைமையாசிரியர் மறந்திருக்க முடியாது. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்து வந்து செய்தது. ஏணிப்படி, அட்டைகள், ஒரே பாயில் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவர் எட்டாம் அட்டையில் இருப்பார், பக்கத்தில் இருப்பவர் இருபதாம் அட்டையில். முந்தைய படி முடித்தால்தான் அடுத்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளைகளை வகுப்பால் அல்ல, கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வேறுவேறு பயிற்சி கொடுத்தார்கள். ஆக, ஐயா சம்பளம் வாங்கிய துறையே ‘எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பக்கம்’ என்பது ஆகாது என்று இரண்டு முறை ஒப்புக்கொண்டிருக்கிறது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் அதைச் செய்யத் திணறலாம். அது அவர் குற்றமல்ல. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானும் செய்யக் கூடாது என்பது என்ன தர்க்கம்?

‘பழைய காலத்தில் ஒரே குரு, ஒரே பாடம்’ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். உ.வே.சாமிநாதையரின் இளமை வரலாறு தெரிந்த யாரும் இந்த வரியை எழுத மாட்டார்கள். அரியலூர் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியருக்கு ஆசிரியர் போய்த்தான் அவர் மாயவரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். மகனுக்கு இனி இங்கே கற்க ஒன்றும் இல்லை என்றானபோதெல்லாம் அவர் தகப்பனார் ஊரையே மாற்றினார். சங்கீத வித்துவானான அந்தத் தகப்பனாருக்கு மகன் சங்கீதம் படிக்க வேண்டும் என்ற ஆசை; மகனின் மனமோ தமிழில். ‘ஒரே இடத்தில் தோண்டு’ என்று அவரை யாராவது அரியலூரிலேயே உட்காரவைத்திருந்தால், இன்று நம் அலமாரிகளில் எத்தனை சங்க நூல் இருந்திருக்கும் என்று ஐயா யோசிக்கட்டும்.

உலகம் வளையாது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இடக்கையால் எழுதிய பிள்ளைகளின் விரலில் ஸ்கேலால் அடித்து வலக்கைக்கு மாற்றிய தலைமுறையும் இதைத்தான் சொன்னது. பிள்ளைகள் வளைந்தார்கள். அதனால் உலகத்துக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

தேர்வு வரும்போது என்ன செய்வீர்கள் என்று மிரட்டியிருக்கிறார். வந்தது, செய்தோம். மூத்தவள் பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதினாள். 1989-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. ஒரு மொழி உட்பட ஐந்து பாடம். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. பதிவுசெய்த ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. தயாரான பாடத்தை முதலில் எழுதலாம், மிச்சத்தைப் பிறகு. மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது. தேர்வுக்கு முந்திய ஓராண்டு அவள் கதைப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு அந்த வாரியத்தின் புத்தகத்தை மட்டும் படித்தாள். ஆம், அதுவும் ஒரு மாற்றம்தான். போகிற இடத்தின் பாதை மாறும்போது செருப்பை மாற்றுகிறோம், காலை அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு, ஐயா சரியாகச் சொன்ன ஒன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. தங்கள் சபலத்துக்காகவே மாற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். நானே இருந்திருக்கிறேன். மூத்தவளுக்குப் பத்து வயதானபோது, அம்மாக்கள் குழுவில் யாரோ புகழ்ந்தார்கள் என்று ஒரே ஆண்டில் மூன்று கணக்குப் புத்தகம் மாற்றினேன். பழைய புத்தகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விளைவு, பின்னத்தை இரண்டு முறை படித்தாள். இரண்டு இலக்க எண்ணால் வகுப்பதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. ஒரு புத்தகம் அதை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டது. இன்னொன்று அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்தது. 156-ஐ 12-ஆல் வகுக்கத் தெரியாமல் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க நான்கு மாதம் ஆனது.

அதிலிருந்து நாங்கள் கற்றது, மாற்றவே கூடாது என்பதல்ல. எப்போது மாற்றுவது என்பது. பிள்ளை அழுதால் முதலில் பார்க்க வேண்டியது தூக்கம், பசி, வயது, அடுத்து என் குரல், கடைசியில்தான் புத்தகம். குறைந்தது ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் மாற்றுமுன் பாதிக் கேள்வியை விட்டுப் பார்க்கலாம், எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்லச் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு பாடத்தை மட்டுமே மாற்ற வேண்டும். கணக்கு என்றால் இரண்டு புத்தகத்தின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விடுபடும் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் பாதியில் முறையை மாற்றுவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். இவற்றை ஐயா எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அவரோ, வைத்தியர் சிலர் மருந்தைத் தவறாக மாற்றுகிறார்கள் என்பதற்காக, காய்ச்சல் இறங்காவிட்டாலும் அதே மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்.

வீட்டுக்கல்வி வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று அவர் சொல்வதும் பாதி உண்மை. வீட்டில் ஒருவர் வேலையை விட்டு உட்கார முடிகிற குடும்பங்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும். அதற்காக, கிடைத்த பிள்ளையிடமிருந்து பிடுங்குவது நீதியாகாது. கிடைக்காத பிள்ளைக்கும் கேட்பதே நீதி. அரும்பில் இருக்கும் பிள்ளையை மலருக்கான புத்தகத்தோடு உட்காரவைக்காதீர்கள் என்று கேட்க, அனுபவமுள்ள தலைமையாசிரியரைவிடத் தகுதியானவர் யார்? அந்தப் பேனாவை அவர் எங்கள்மேல் வீணாக்கியிருக்கிறார்.

கட்டுரையின் முடிவில், வீட்டுக்கல்விக் குடும்பம் ஒன்றுக்குப் போனபோது அலமாரி நிறையப் பாதியில் விட்ட புத்தகங்களைப் பார்த்ததாகவும், அதுவே தோல்விக்குச் சாட்சி என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் பரணிலும் இருக்கின்றன. பெட்டியோடு வந்தது, பதினேழாம் பக்கத்தில் நின்ற கணக்கு, யாருக்கும் பிடிக்காத இலக்கணம். ஐயா வந்தால் ஏணி போட்டுக் காட்டுகிறேன். பாதியில் நின்றுபோவதற்குப் பள்ளிக்கல்வித் துறையில் ஒரு சொல் உண்டு: இடைநிற்றல். அவர் பணிக்காலம் முழுக்க ஆண்டுதோறும் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திட்டிருப்பார். அந்தக் கட்டத்தில் அவர் எழுதியது புத்தகங்களின் எண்ணிக்கையை அல்ல.